முறிந்த காலும் திருந்திய மனமும்: அர்ச். இஞ்ஞாசியார் சரித்திரம்



வருஷத்துக்கு ஒரு முறை கோயிலில் ஞான ஒடுக்கம் அறிவிக்கும்போது, உங்களில் பலருடைய முகத்தில் ஓடும் எண்ணத்தைப் பீடத்தில் நின்றபடியே நான் வாசித்துவிடுகிறேன். கடையை யார் பார்ப்பது, பிள்ளைகளுக்கு யார் சமைப்பது, மூன்று நாள் கூலியை யார் தருவது என்ற எண்ணந்தான் அது. ஒடுக்கம் என்பது குருக்களுக்கும் கன்னியருக்கும் ஏற்பட்டது, குடும்பஸ்தருக்கு ஞாயிறு பூசை போதும் என்று சிலர் வாய்விட்டே சொல்லுகிறார்கள். அவர்களைக் குறைகூறுவதற்காக இதை நான் எழுதவில்லை. இன்று நாம் செய்யும் ஞான ஒடுக்கத்தை வகுத்துத் தந்தவர் யார், எந்த நிலையில் அவர் அதைக் கண்டடைந்தார் என்பதை உங்களுக்குச் சொல்லவே எழுதுகிறேன். அதைக் கண்டடைந்தபோது அவர் குருவும் அல்ல, சந்நியாசியும் அல்ல, பெரிய படிப்பாளியும் அல்ல. யுத்தத்தில் கால் முறிந்து கட்டிலில் கிடந்த ஒரு போர்ச்சேவகர் அவர்.

ஸ்பெயின் தேசத்தின் வடபாகத்தில், பாஸ்க்கு மக்கள் வாழும் மலைநாட்டில், லொயோலா என்னும் கோட்டை வீடு உண்டு. அங்கே 1491-ம் ஆண்டில், உயர்ந்த குடும்பமொன்றின் கடைசிப் பிள்ளையாக இஞ்ஞாசியார் பிறந்தார். தாய் முகம் அறியாத வயதிலேயே தாயை இழந்தார். வாலிபத்தில் அரசாங்கப் பொக்கிஷ அதிகாரி ஒருவருடைய மாளிகையில் வளர்ந்து, பிறகு நவார் நாட்டு இராஜப் பிரதிநிதியிடம் சேவகம் பண்ணினார். ஞானஸ்நானம் பெற்றவர்தான், விசுவாசம் உள்ளவர்தான். ஆனாலும் அவருடைய மனமெல்லாம் நல்ல உடுப்பிலும், வாள் பிடிப்பதிலும், சூதாட்டத்திலும், சீமாட்டிகள் மெச்சும்படி பெயர் எடுப்பதிலுமே இருந்தது. பாவசங்கீர்த்தனம் செய்வார், பூசைக்கும் போவார், ஆனால் தம் உள்ளத்துக்குள் ஒரு முறையாவது நுழைந்து பார்த்ததில்லை. நம்மில் அநேகர் இருப்பது போலத்தான் அவரும் இருந்தார் என்று சொன்னால் தப்பாகாது.

1521-ம் ஆண்டு மே மாதத்தில் பிரெஞ்சுப் படை பம்ப்லோனா நகரத்தை முற்றுகையிட்டது. நகரம் பணிந்துவிட்டது. கோட்டையில் இருந்தவர்களும் பணிந்துவிடலாம் என்றார்கள். இஞ்ஞாசியார் ஒருவரே மறுத்து, பேசிப் பேசி மற்றவர்களையும் தம் பக்கம் திருப்பிவிட்டார். சண்டைக்கு முன் குருவானவர் கிடைக்கவில்லை என்பதால் பக்கத்தில் நின்ற தோழர் ஒருவரிடம் தம் பாவங்களைச் சொல்லிக்கொண்டார். 20-ந் தேதி பீரங்கிக் குண்டொன்று வந்து அவருடைய வலது காலை முறித்து, இடது காலையும் காயப்படுத்தியது. அவர் விழுந்தவுடனே கோட்டையும் விழுந்தது. பிரெஞ்சுக்காரர் அவருடைய வீரத்தை மதித்து, முதல் சிகிச்சை செய்து, தூக்குக் கட்டிலில் வைத்து மலைப்பாதை வழியாக அவருடைய சொந்த வீட்டுக்கே அனுப்பிவைத்தார்கள்.

வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். எலும்பு சரியாகப் பொருந்தவில்லை என்று வைத்தியர்கள் மறுபடியும் அதை முறித்துச் சேர்த்தார்கள். மயக்க மருந்து இல்லாத காலம் அது. அவர் முஷ்டியை இறுகப் பிடித்தாரே தவிர வாய் திறக்கவில்லை. காய்ச்சல் மிஞ்சி, அர்ச். இராயப்பர் சின்னப்பர் திருநாளுக்கு முந்தின நாள், இரவுக்குள் குணம் காணாவிட்டால் பிழைக்கமாட்டார் என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள். தேவ கிருபையால் பிழைத்தார். ஆனால் முழங்காலுக்குக் கீழே எலும்பு ஒன்று புடைத்து நின்றது. அது இருந்தால் அக்காலத்து நாகரிகப்படி இறுக்கமான பூட்சு போட முடியாதே! ஆகவே அந்த எலும்பை அறுத்துவிடச் சொன்னார். வேதனை முன்னதைவிட அதிகம் என்று தெரிந்தும் சம்மதித்தார். காலை நீட்டுவதற்காகப் பாரம் கட்டி நாட்கணக்கில் இழுத்தும் பார்த்தார்கள். ஒரு பூட்சின் அழகுக்காக ஒருவர் இவ்வளவு பாடுபட்டார் என்று நாம் சிரிக்கலாம். சிரிப்பதற்கு முன், ஊரார் மெச்ச வேண்டும் என்பதற்காக நாம் வாங்கிய கடனையும், இழந்த தூக்கத்தையும் சற்று எண்ணிப் பார்ப்போமாக. இவ்வளவு செய்தும் அவர் சாகும்வரை நொண்டியே நடந்தார்.

காலை ஊன்ற முடியாமல் மாதக்கணக்கில் படுத்திருந்தவருக்குப் பொழுது போகவில்லை. வீரர்களும் சீமாட்டிகளும் வரும் கதைப் புத்தகங்களைக் கேட்டார். அந்த வீட்டில் அப்படி ஒரு புத்தகமும் அகப்படவில்லை. கார்த்தூசிய சபைத் துறவி ஒருவர் எழுதிய கிறிஸ்துநாதர் சரித்திரமும், அர்ச்சியசிஷ்டவர்களின் சரித்திரமுமே இருந்தன. வேறு வழியின்றி அவற்றை வாசிக்கத் தொடங்கினார். வாசித்த பின் புத்தகத்தை மூடிவைத்து யோசனையில் ஆழ்ந்துவிடுவார்.

இங்கேதான், பிரியமானவர்களே, நம் சரித்திரத்தின் முக்கிய இடம் இருக்கிறது. அவருடைய யோசனைகள் இரண்டு விதமாக இருந்தன. சில வேளை, தாம் மனதில் வைத்திருந்த உயர்குலச் சீமாட்டி ஒருத்தியின் முன்னிலையில் என்ன பேசுவது, என்ன வீரச் செயல் செய்வது என்று மூன்று நான்கு மணி நேரம் கற்பனையில் மிதப்பார். வேறு சில வேளை, அர்ச். பிரான்சீஸ்கு செய்ததை, அர்ச். சாமிநாதர் செய்ததை நானும் செய்தால் என்ன என்று எண்ணுவார். இரண்டு எண்ணமும் எண்ணும்போது இனித்தன. பிறகோ வித்தியாசம் தெரிந்தது. முதல் எண்ணம் போன பின் மனம் வறண்டு, சலித்துக் கிடந்தது. இரண்டாவது எண்ணம் போன பின்னும் மகிழ்ச்சியும் சமாதானமும் தங்கி நின்றன. இந்த வித்தியாசத்தை வெகு நாள் அவர் கவனிக்கவில்லை. ஒரு நாள் கண் திறந்தது. எந்த எண்ணம் சர்வேசுரனிடமிருந்து வருகிறது, எது சத்துருவிடமிருந்து வருகிறது என்று அது விட்டுப்போகும் ருசியைக் கொண்டு அறியலாம் என்று கண்டுகொண்டார். இதை அவருக்கு எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித்தரவில்லை. ஓட முடியாமல் ஓர் இடத்தில் கிடந்ததினால் கவனித்தார், கவனித்ததினால் அறிந்தார். ஞான ஒடுக்கத்தின் வித்து இதுவே.

கால் தேறியதும், தமையனார் தடுத்தும் கேளாமல் புறப்பட்டார். 1522-ம் ஆண்டு மார்ச்சு மாதம் மொன்செராத் மலையிலுள்ள தேவமாதா கோயிலுக்கு வந்து, தம் வாழ்நாள் பாவங்களையெல்லாம் எழுதி மூன்று நாளாகப் பாவசங்கீர்த்தனம் செய்தார். மங்கள வார்த்தைத் திருநாளுக்கு முந்தின இரவு, தம் விலையுயர்ந்த உடைகளை ஓர் ஏழைக்குக் கொடுத்து, சாக்குத் துணி உடுத்தி, வாளைப் பீடத்தருகே விட்டு, விடியும்வரை கண்விழித்து ஜெபித்தார். பாவம், அந்த உடைகளைத் திருடினான் என்று ஏழையைப் பிடித்துக்கொண்டார்கள். விஷயத்தை விசாரிக்க ஒருவர் பின்தொடர்ந்து வந்தபோது, தம் தருமத்தால் ஓர் ஏழைக்கு இந்த இக்கட்டு வந்ததே என்று இஞ்ஞாசியார் கண்ணீர் விட்டார். தருமம் செய்வதற்கும் விவேகம் வேண்டும் என்று அன்று அவர் கற்றார்.

சில நாள் மாத்திரம் தங்கலாம் என்று பக்கத்து ஊராகிய மன்ரேசாவுக்குப் போனார். பத்து மாதங்களுக்கு மேல் அங்கே தங்கும்படியாயிற்று. பிச்சை எடுத்தார், மாமிசமும் திராட்சரசமும் விட்டார். தம் தலைமயிரைப் பற்றி முன்பு வெகு பெருமை கொண்டிருந்தவர், இப்போது அதைச் சீவாமலும் நகத்தை வெட்டாமலும் விட்டுவிட்டார். தினம் ஏழு மணி நேரம் முழந்தாளிட்டு ஜெபித்தார். இதைக் கேட்டு, ஒடுக்கம் என்றால் உடம்பை வருத்துவதுதான் என்று எண்ணிவிடாதீர்கள். அப்புறம் நடந்ததையும் கேட்கவேண்டும்.

கொஞ்ச நாளில் ஒரு பெருந்துன்பம் அவரைப் பிடித்தது. ஏற்கெனவே சொல்லி மன்னிப்புப் பெற்ற பாவங்களைச் சரியாகச் சொன்னேனோ இல்லையோ என்ற சந்தேகம் எழுந்தது. மறுபடியும் சொன்னார். சந்தேகம் போகவில்லை. இன்னும் நுணுக்கமாகச் சொன்னார். சந்தேகம் இரட்டித்தது. ஜெபத்தில் ருசி இல்லை, பூசையில் ஆறுதல் இல்லை. தம் அறையில் இருந்த குழியொன்றில் குதித்து உயிரை மாய்த்துக்கொள்ளலாமா என்ற கொடிய எண்ணம்கூடப் பலமுறை அவரைத் தாக்கியது. அது சர்வேசுரனுக்கு மனஸ்தாபமான பாவம் என்று கதறி, அந்த எண்ணத்தை உதறித் தள்ளினார். சமாதானம் கிடைக்கும்வரை உண்பதில்லை என்று ஒரு வாரம் பட்டினி கிடந்தார். விஷயத்தை ஆத்தும குருவிடம் சொன்னபோது, அவர் பட்டினியை நிறுத்தச் சொன்னார். இஞ்ஞாசியார் கீழ்ப்படிந்தார். கீழ்ப்படிந்ததுதான் அவரைக் காத்தது என்பேன். உங்களில் யாருக்காவது அப்படிப்பட்ட இருள் வந்தால், தயவுசெய்து தனியாகச் சுமக்காதீர்கள். அன்றைக்கே வீட்டாரிடம் சொல்லுங்கள், வைத்தியரிடம் போங்கள். பங்களாவின் கதவு இரவிலும் உங்களுக்குத் திறக்கும்.

பிறகு அவர் லொயோலாவில் கட்டிலில் கற்ற பாடத்தை நினைத்தார். இந்தச் சந்தேகம் எங்கிருந்து தொடங்கி எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பார்த்தார். அது பக்தி வேஷம் போட்டு வந்து அவநம்பிக்கையில் விடுகிறது என்று கண்டார். மன்னிக்கப்பட்ட பழைய பாவங்களை இனி ஒருக்காலும் கிளறுவதில்லை என்று தீர்மானித்தார். அன்றே விடுதலை அடைந்தார். மற்றொன்றும் கவனித்தார். படுக்கைக்குப் போகும் நேரத்தில் அழகழகான ஞான எண்ணங்கள் வந்து, இருந்த கொஞ்சத் தூக்கத்தையும் கெடுத்தன. நாளெல்லாம் ஜெபத்துக்கு நேரம் ஒதுக்கியிருக்க, தூங்கும் வேளையில் வரும் இவை நல்லவையாக இருக்க முடியாது என்று தள்ளிவிட்டுத் தூங்கினார். மயிரை வெட்டினார், நகத்தை வெட்டினார், மாமிசமும் உண்ணத் தொடங்கினார். பரிசுத்தம் என்பது உடம்பைப் பாழாக்குவதில் இல்லை என்பதை எவ்வளவு சிரமப்பட்டுக் கற்றார், பாருங்கள்!

ஒரு நாள் கார்டனேர் ஆற்றங்கரையில் தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அப்போது சர்வேசுரன் அவருடைய புத்திக்குப் பெரும் பிரகாசம் அருளினார். காட்சி ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் விசுவாச சத்தியங்களும் உலக காரியங்களும் புதிதாக விளங்கின. தம் ஆயுள் முழுவதும் பெற்ற வெளிச்சத்தையெல்லாம் சேர்த்தாலும் அந்த ஒரு நேரத்துக்கு ஈடாகாது என்று முதிர்ந்த வயதில் அவர் எண்ணினார்.

மன்ரேசாவில் எழுதத் தொடங்கிய குறிப்புகளே, வருஷக்கணக்கில் திருந்தி, ஞானப் பயிற்சிகள் என்னும் சிறு புத்தகமாயின. அது வாசித்து மகிழ்வதற்கான புத்தகம் அல்ல, செய்து பார்ப்பதற்கானது. மனிதன் எதற்காகப் படைக்கப்பட்டான், அவனுடைய பாவம் என்ன, தேவ இரக்கம் எவ்வளவு என்பது முதல் வாரம். சேசுநாதர் பிறந்து, வளர்ந்து, போதித்தது இரண்டாம் வாரம். அவருடைய பாடுகள் மூன்றாம் வாரம். உத்தானம் நான்காம் வாரம். முழுவதும் செய்ய ஏறக்குறைய முப்பது நாள் ஆகும். ஆனால் எல்லாரும் முப்பது நாள் ஒதுங்கவேண்டும் என்று அவர் கட்டளையிடவில்லை. வயோதிபர், பலவீனர், படிப்பில்லாதவர் ஆகியோருக்கு அவரவர் திராணிக்குத் தக்கபடி குறைத்துக் கொடுக்கச் சொன்னார். வேலையை விட்டு வர முடியாதவர்கள் வீட்டிலிருந்தபடியே தினம் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கிச் செய்யலாம் என்றும் எழுதிவைத்தார். ஆகவே குறுகிய ஒடுக்கம் என்பது பிற்காலத்தார் சலுகையாகக் கண்டுபிடித்தது அல்ல. குடும்பஸ்தரையும் வேலைக்காரரையும் நினைத்து அந்த அர்ச்சியசிஷ்டவரே ஏற்படுத்தியது.

1523-ல் ஜெருசலேமுக்குப் போய்த் திரும்பினார். ஆத்துமங்களுக்கு உதவ வேண்டுமானால் படிப்பு வேண்டும் என்று உணர்ந்து, முப்பது வயது கடந்தபின் பார்சலோனாவில் சிறு பிள்ளைகளோடு உட்கார்ந்து லத்தீன் படித்தார். படிக்காத ஒருவர் மற்றவர்களுக்கு ஞான காரியம் சொல்லிக்கொடுக்கிறாரே என்று சந்தேகப்பட்டு, அல்கலாவிலும் சலமாங்காவிலும் அவரைச் சிறையில் வைத்தார்கள். விசாரித்தவர்கள் அவருடைய போதனையில் தப்பறை காணவில்லை. அவர் யாரையும் தூற்றாமல், நொண்டிக்கொண்டே பாரிஸ் பட்டணத்துக்கு நடந்து, 1528-ல் மறுபடியும் படிப்பைத் தொடங்கினார்.

பாரிசில் அவரோடு ஓர் அறையில் இருவர் இருந்தார்கள். ஒருவர் பீற்றர் ஃபாபர். சாந்தமானவர், ஆனால் மனச்சந்தேகங்களால் வாடியவர். மற்றவர் நவார் நாட்டுப் பிரபு வீட்டுப் பிள்ளை, பட்டம் பதவியில் கண் வைத்தவர். அவருடைய தமையன்மார் முன் சொன்ன யுத்தத்தில் இஞ்ஞாசியாருக்கு எதிர்த் தரப்பில் நின்றவர்கள். இவர்தான் பிரான்சிஸ் சவேரியார்! ஃபாபர் 1534-ம் ஆண்டின் கடுங்குளிரில் முப்பது நாள் ஒடுக்கம் செய்தார். அந்த வருஷம் மோட்சாரோபணத் திருநாளில் இஞ்ஞாசியாரும் ஆறு தோழர்களும் மொன்மார்த்தர் குன்றில் வார்த்தைப்பாடு கொடுத்தார்கள். அதன் பின் சவேரியாரும் ஒடுக்கத்தில் இறங்கினார்.

அந்த அறைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எட்டு வருஷம் கழித்து, 1542-ல், அதே சவேரியார் நமது முத்துக்குளித்துறைக்கு வந்து இறங்கினார். மணிகையில் பிடித்துத் தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி, தமிழில் ஜெபங்களைக் கற்பித்தார். மணப்பாட்டில் கடலோரமாக அவர் பெயரால் ஒரு குகை இன்றும் இருக்கிறது. அவருக்குப் பின் தத்துவபோதகர், அருளானந்தர், வீரமாமுனிவர் எல்லாரும் இதே ஒடுக்கத்தில் உருவாகி வந்தவர்களே. லொயோலாவில் ஒருவர் கட்டிலில் கிடந்து தம் மனதைக் கவனித்ததன் பலன் நம் கடற்கரை வரைக்கும் வந்து சேர்ந்தது.

1540-ல் மூன்றாம் சின்னப்பர் பாப்பரசர் சேசுசபையை அங்கீகரித்தார். அடுத்த வருஷம் இஞ்ஞாசியார் அதன் முதல் தலைவரானார். ஜெருசலேமில் வாழ ஆசைப்பட்டவர், மீதி ஆயுளை உரோமாபுரியில் சிறு அறைகளில் மேஜை முன் கழித்தார். அவருடையதாக ஏறக்குறைய 7,000 கடிதங்கள் மிஞ்சியிருக்கின்றன. கணக்கு, வழக்கு, வியாதி, கடன் எல்லாம் அவருக்கும் இருந்தன. ஆயினும் மணிதோறும் தம் மனதைச் சோதித்துப் பார்ப்பதை அவர் விடவில்லை. தமது சபையே கலைந்துபோனாலும் கால் மணி நேர ஜெபத்தில் தம் மனம் அமைதிக்குத் திரும்பிவிடும் என்று சொல்லக்கூடியவராயிருந்தார். 1556-ம் ஆண்டு ஜூலை 31-ந் தேதி விடியற்காலையில் சர்வேசுரனிடம் சேர்ந்தார். அவரையும் சவேரியாரையும் 1622-ல் ஒரே நாளில் திருச்சபை அர்ச்சியசிஷ்டவராக உயர்த்தியது. 1922-ல் பதினோராம் பத்திநாதர் பாப்பரசர் அவரை ஞான ஒடுக்கங்களுக்குப் பாதுகாவலராக ஏற்படுத்தினார்.

இப்போது என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன், கோயில் வேலை நடக்கிறது என்று சாக்குச் சொல்லி, குருக்களுக்கான வருடாந்தர ஒடுக்கத்துக்கு நான் போகவில்லை. செங்கல்லும் சிமெண்டும் கணக்குமாக வருஷம் ஓடியது. பிரசங்கம் தவறவில்லை, பூசை தவறவில்லை. ஆனால் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தேன். ஒரு நாள் பூசை உதவும் சிறுவன் ஒருவன், மணியை நேரம் தவறி அடித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து நடுங்கி நின்றான். அந்தச் சிறு முகம் எனக்குக் கண்ணாடியாயிற்று. கோயில் உயர்ந்தது, குரு தாழ்ந்தான் என்று உணர்ந்தேன். மறு வருஷம் முதல் ஆளாக ஒடுக்கத்துக்குப் போனேன்.

ஆகையால் பிரியமானவர்களே, வருகிற தபசுகாலத்து மூன்று நாள் ஒடுக்கத்துக்கு வாருங்கள். கணவனும் மனைவியும் ஒரே நாளில் வர முடியாவிட்டால், ஒருவர் வீட்டைப் பார்க்க ஒருவர் வரட்டும். கைப்பேசியை வீட்டிலேயே விட்டு வாருங்கள். பட்டினியோ தண்டனையோ தேடவேண்டாம். சாப்பிடுங்கள், தூங்குங்கள், மௌனமாயிருங்கள். மௌனத்தில் எழும் எண்ணங்கள் எந்த ருசியை விட்டுப்போகின்றன என்று பாருங்கள். பெரிய தீர்மானம் பத்து வேண்டாம், நிறைவேற்றக்கூடிய ஒன்று போதும்.

வரவே முடியாதவர்களுக்கும் அர்ச். இஞ்ஞாசியார் வழி விட்டிருக்கிறார். இரவு ஜெபமாலை முடிந்ததும் கால் மணி நேரம் விளக்கடியில் சும்மா உட்காருங்கள். முதலில் அன்று பெற்ற நன்மைகளுக்காகச் சர்வேசுரனுக்கு நன்றி கூறுங்கள். பிறகு உங்களை நீங்களே அறிய வெளிச்சம் கேளுங்கள். காலை முதல் நடந்ததை மணிமணியாக நினைத்துப் பாருங்கள். தவறியதற்கு மனஸ்தாபப்படுங்கள். கடைசியாக, நாளைக்கு ஒரு காரியத்தைத் திருத்திக்கொள்ளத் தேவ உதவியை மன்றாடி, பரலோக மந்திரம் சொல்லி எழுந்திருங்கள். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை, எந்தக் கடையையும் அடைக்கவேண்டியதில்லை.

இஞ்ஞாசியாரை நிறுத்தி வைக்க ஒரு பீரங்கிக் குண்டு வேண்டியிருந்தது. நம்மை நிறுத்த வியாதியோ, நஷ்டமோ, வீட்டில் ஒரு சாவோ வரவேண்டும் என்று காத்திராமல், நாமாகவே நின்று பார்ப்போமாக. அர்ச். இஞ்ஞாசியாரே, எங்கள் குடும்பங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.

இங்ஙனம்,
உங்கள் பங்குசுவாமி